இரண்டு பேருக்கு எள்ளும் தண்ணீரும்

அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மாங்கேணிக்குப் போய் அந்தப் பிள்ளையைக் கேட்டு வா என்று அம்மா என்னிடம் சொன்னார். நான் கடைகளுக்குக் கொடுக்கும் மத்தியானப் பார்சல்களுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் ஒருவன்தான். அப்பா எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பெண்ணின் மகன்.

எங்கள் வீடு அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அம்மாவுக்குச் சீதனமாக வந்த வீடு. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்பாவும் அப்படி வந்தவர்தான். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் அவருக்கு வேலை. கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை பஸ்ஸில் வருவார். வரும்போது நான் படம் கீற வெட்டுத்துண்டுக் கடதாசி கொண்டு வருவார். ஆலையில் வேலை குறைந்தபோது ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மாங்கேணியில் ஒரு தோணியில் பங்கு வாங்கினார். சனிக்கிழமை வருகிறவர் மாதத்துக்கு ஒரு தடவை வந்தார். அதற்குப் பிறகு வருசப்பிறப்புக்கும் மாமாங்கத் திருவிழாவுக்கும் மட்டும் வந்தார். ஒரு வருசம் திருவிழாவுக்கும் வரவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. மாங்கேணியில் ஒருத்தியோடு இருக்கிறார், ஒரு ஆண்பிள்ளையும் இருக்கிறது என்று மீன் வியாபாரிகள் வந்து சொன்னார்கள். அம்மா போய்ச் சண்டை பிடிக்கவுமில்லை, ஆள் விட்டுக் கூப்பிடவுமில்லை. நெற்றியில் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

அவர் இறந்தபோது செய்தி சொன்னதும் அந்தப் பிள்ளைதான். செத்த வீட்டுக்கு அம்மாவும் நானும் போய், பின்னேரமே திரும்பிவிட்டோம். பாரிசவாதம் வந்து ஒரு வருசத்துக்கு மேல் படுக்கையில் கிடந்த உடம்பு அது. அந்தப் பிள்ளை தண்ணீர் வார்த்துக் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, வேட்டி உடுத்திவிட்டதை அம்மா வாசலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இப்போது அமாவாசைக்குத் தர்ப்பணம் யார் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. நான் ஒரே பெண். என் கணவர், நான் கொடுக்கிறேன் மாமி, அதிலென்ன என்று சொல்லியிருந்தார். அம்மா சம்மதிக்கவில்லை.

"நீங்க குடுத்தா அது என்ட முகத்துக்காகக் குடுக்கிறது. அவன் குடுத்தா அது அவருக்காகக் குடுக்கிறது."

இதற்கு மேல் அவரோடு பேச முடியாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

தர்ப்பணம் கொடுக்கும் மாமாங்கக் கோயில் குளத்தில் அம்மாவுக்குப் பெரிய நம்பிக்கை. காசிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய இளமைக்கால ஆசை. இப்போது எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக விமானத்தில் காசிக்குப் போய், சிறிய செம்புகளில் அடைத்த கங்கைத் தண்ணீரோடு வருகிறார்கள். அடுத்த வீட்டு ரீச்சர் அப்படி ஒரு செம்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது அம்மா கும்பிட்டு வாங்கிச் சாமி அறையில் வைத்தார். பிறகு என்னிடம், ஆடி அமாவாசையில் கங்கையே மாமாங்கத்துக்கு வருகுது, அவ எதுக்குச் செம்புக்குள்ள வரோணும் என்றார். இராமர் இந்த வழியால் போகும்போது லிங்கத்தை வைத்துக் கும்பிட்டார் என்றும், அவருக்காக அனுமார் உண்டாக்கிய தீர்த்தம் இது என்றும் கோயிலில் சொல்வார்கள். அம்மாவின் கதை வேறு. இலங்கையை எரித்துவிட்டு ஓடி வந்த அனுமார் வாலில் இருந்த நெருப்பை இந்தக் குளத்தில்தான் அணைத்தாராம். எரிந்துகொண்டு வந்தவரைக் குளிரப் பண்ணின தண்ணி என்று அம்மா சொல்வார். அம்மாவுக்கும் எனக்கும் இதைச் சொல்லித் தந்தது அப்பா. தீர்த்தத் திருவிழாவில் அவருடைய தோளில் இருந்து சாமி குளத்தில் இறங்குவதைப் பார்த்தபடி நான் கேட்ட கதை.

ஒரு வியாழக்கிழமை பார்சல் வேலையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். திருகோணமலை பஸ்ஸில் சனம் நெருக்கம். ஓட்டமாவடியில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் இருக்க இடம் கிடைத்தது. பாலத்தைத் தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் ஏறியது. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று வழி முழுக்க யோசித்தேன். அந்தப் பெண்ணை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதற்கே எனக்கு விடை கிடைக்கவில்லை.

தகரக் கூரை போட்ட, இரண்டு அறைகள் கொண்ட கல்வீடு. பின்னால் வலை காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்தப் பெண் தலையில் முந்தானையை இழுத்துவிட்டு, வாங்க மகள் என்றார். என் அம்மாவைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனால் வெயிலில் காய்ந்த முகம் அதிக வயது காட்டியது. கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, தேத்தண்ணி வைக்க உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. சுவரில் ஆணியில் அப்பாவின் சட்டை தொங்கியது. எங்கள் வீட்டில் அவர் போட்ட சட்டை எதுவும் இப்போது இல்லை. அம்மா எல்லாவற்றையும் கிழித்துக் கரிச்சட்டி பிடிக்கும் துணியாக்கிவிட்டார்.

அவன் கடலில் இருந்து வந்து, கிணற்றடியில் மேல் கழுவிவிட்டு வந்து நின்றான். முப்பத்தைந்து வயது இருக்கும். நெடுத்த, அதிகம் பேசாத ஆள். நான் வந்த விசயத்தைச் சொன்னேன். அவன் தாயைப் பார்த்தான். தாய், எங்களுக்குக் கங்கை பக்கத்திலேயே ஓடுதே மகள், வெருகல் ஆத்தில குடுப்பம் எண்டு யோசிச்சிருந்தம் என்றார். மகாவலி கங்கையின் ஒரு கை வெருகலில்தான் கடலுக்குப் போகிறது. அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அதன் கரையில் இருக்கும் முருகன் கோயில் சின்னக் கதிர்காமம். அப்பாவும் நடக்கக்கூடிய காலம் முழுக்க இவனைக் கூட்டிக்கொண்டு வெருகல் திருவிழாவுக்குப் போவாராம்.

"அப்பா என்னைத் தோளில வச்சுக்கொண்டு ஆத்துக்குள்ள இறங்குவார். எனக்குப் பயம். காலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பார்."

அவன் சொன்னது அவ்வளவுதான். "அப்பா" என்று அவன் சொன்ன விதம் எனக்குள் எங்கேயோ தைத்தது. என்னைத் தோளில் இருந்து இறக்கிவிட்ட மனிதர் இவனைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்ற நினைப்பில் நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். என் முகம் மாறியதை அவன் கவனித்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்.

"அக்கா, நான் அவர் பெத்த பிள்ளை இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மீன் வியாபாரிகள் சொல்லாமல் விட்டது இதைத்தான். இத்தனை வருசமும் எங்கள் ஊரில் ஒருவரும் வேறு மாதிரி நினைத்ததில்லை.

மிச்சத்தைத் தாய் சொன்னார். இவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது இவனுடைய தகப்பன் விறகுக்குக் காட்டுக்குப் போனார். யுத்தப் பிரச்சினைக் காலம். கத்தியும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலுமாகப் போனவர் வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கித் தேடினார்கள். ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. பிறகு கடற்கரையில் மீன் காயப் போடும் வேலைக்குப் போன இடத்தில்தான் அப்பாவின் பழக்கம். இவன் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் அப்பா தூக்கிக்கொண்டு வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். அன்றிலிருந்து இவன் அவரை விடவில்லை என்றார். அவர் எங்களை விட்டது எப்போது என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, அதை நிறுத்திக்கொண்டேன்.

அவன் வருகிறேன் என்று சொன்னான். ஆனால் உங்கட அம்மா இதைக் கேட்ட பிறகும் வரச் சொன்னால்தான் வருவன் என்றான். அது நியாயமாகப் பட்டது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிரில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். காம்பில் இருந்த கை நின்றுவிட்டது.

"அவன்ட தகப்பன் எங்க?"

"காட்டுக்குப் போனவராம். வரல்லையாம்."

அம்மாவுக்கு வந்தது கோபமா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை. தன் புருசனால் அடுத்தவளுக்கு ஒரு பிள்ளையில்லை என்ற எண்ணம் எந்தப் பெண்ணுக்கும் கொஞ்சமாவது நெஞ்சை இலேசாக்கும். அம்மாவும் பெண்தானே. ஆனால் அவர் கடைசியில் சொன்னது வேறு.

"அப்ப அவளுக்கும் ஒருத்தன் வராமப் போனவன்தான்."

பிறகு இலையை ஆயத் தொடங்கினார். போன் எடுத்துச் சொல்லு, முதல் நாளே வரட்டும், அமாவாசையண்டு பஸ்ஸில வந்து சேர ஏலாது என்றார். தாயையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு என்று சமையலறைக்குள் போன பிறகு, எனக்கு முகம் காட்டாமல் சொன்னார்.

அமாவாசைக்கு முதல் நாள் பின்னேரம் அவர்கள் வந்தார்கள். கோயில் பக்கம் அன்று தேரும் சனமும் கச்சான் கடலைக் கடைகளும் ஐஸ்கிறீம் வான்களின் பாட்டுமாக இருந்தது. சின்னப் பிள்ளை காணாமல் போனதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். இந்தச் சத்தத்துக்குள் ஒரு பயணப் பையும், காய்களும் அரிசியும் கட்டிய ஒரு சாக்குமாகத் தாயும் மகனும் எங்கள் கேற்றுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரத் தயங்கினார்கள். அம்மா வாசல்வரை போனார்.

"வாங்க. செருப்பை அங்கால கழட்டுங்க, நாய் தூக்கும்."

முப்பது வருசத்தில் இந்த இரண்டு பெண்களும் பேசிய முதல் வார்த்தை அது.

சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் முன் விறாந்தையில் இருந்தோம். பேச்சு ஓடவில்லை. என் கணவர்தான் பாவம், மீன் விலையையும் வயல் வட்டையில் இந்தப் போகத்து விளைச்சலையும் பற்றிக் கதைத்துப் பார்த்தார். அப்போது அம்மா திருவிழாவைப் பற்றித் தொடங்கி, அனுமார் வால் நெருப்பை அணைத்த கதையைச் சொன்னார். அவனுடைய தாய் கேட்டுவிட்டு மெதுவாக, எனக்கு அவர் சொன்னது வேற மாதிரி அக்கா என்றார். அனுமார் சஞ்சீவி மலையைக் கொண்டு போகேக்க ஒரு கட்டி மண் கழண்டு விழுந்துதாம், அந்தப் பள்ளம்தானாம் குளம். அம்மாவின் முகத்தில் ஒரு கடுப்பு ஏறியது.

"எனக்கு அப்பிடிச் சொல்லல்ல."

"எனக்கு அப்பிடித்தான் சொன்னவர்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா ஒரே குளத்துக்கு இரண்டு வீட்டிலும் இரண்டு கதை சொல்லியிருக்கிறார் என்பது எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விளங்கியது. அம்மாதான் முதலில் சிரித்தார். வாய் நிறையப் பொய், மனிசனுக்கு என்றார். அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வீட்டில் மூச்சு விட முடிந்தது.

ஆனால் அம்மா அம்மாதான். சோறு போட்டுக் கொடுத்தபடியே நேராகக் கேட்டுவிட்டார். உன்ட முதல் ஆளுக்கு எங்க குடுக்கிற நீங்க?

அவர் கை பீங்கானில் நின்றது. மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"குடுக்கிற இல்ல அக்கா. அவர் செத்துப் போனார் எண்டு எனக்கு ஆரும் சொல்லல்லியே."

அம்மா இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினார்.

காலையில் நாங்கள் போனபோது குளத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்தும் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்தும் வந்த சனம். படிகளில் ஆண்கள் ஈர வேட்டியோடு ஏறியும் இறங்கியும் கொண்டிருந்தார்கள். கரையோரம் தகரப் பந்தல்களில் குருக்கள்மார் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் எள்ளும் தண்ணீரும் தர்ப்பையும் வாழையிலையுமாக ஒரு சின்ன உலகம். ஒரு இளம் குருக்கள் எங்களைக் கூப்பிட்டார். என்னை அக்கா என்று கூப்பிட்ட தம்பி குளத்தில் முழுகிவிட்டு வந்து அவருக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தான். விரலில் தர்ப்பைப் பவித்திரத்தை மாட்டிவிட்டு, தகப்பன் பெயர் என்ன என்று குருக்கள் கேட்டார். அவன் சொன்னான். எங்கள் அப்பாவின் பெயரை இன்னொருவன் வாயால், அந்தச் சனத்துக்குள், அவ்வளவு தெளிவாகக் கேட்டபோது எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

தகப்பனின் தகப்பன் பெயரைக் கேட்டபோது தம்பி திகைத்தான். அவனுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்குப் பின்னால் நின்ற அம்மா குனிந்து அந்தப் பெயரைச் சொன்னார். அவருக்கு முந்தியவரின் பெயரையும் சொன்னார். தான் கண்டேயிராத மனிதர்களின் பெயர்கள். கலியாணம் முடித்து வந்த புதிதில் அப்பா சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். தம்பி அவற்றைத் திருப்பிச் சொல்லிச் சொல்லி, விரல்களுக்கு இடையால் எள்ளும் தண்ணீரும் விட்டான். மந்திரத்தை அவன் பிழையாகச் சொன்ன இடங்களில் குருக்கள் பொறுமையாகத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து இலையை எடுக்கும் நேரம் குருக்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். வேறு யாருக்கும் கொடுக்க இருக்கா?

தம்பி திரும்பித் தாயைப் பார்த்தான். இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். ஆனால் எழும்பவில்லை. தாய் எனக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அம்மா திரும்பி, கொஞ்சம் பொறுங்க தம்பிமார் என்றார். பிறகு அந்தத் தாயின் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான்.

"குடு மனே," என்றார் தாய். சத்தம் மிகச் சிறியதாக இருந்தது. "அவருக்கும் குடு."

குருக்கள் பெயர் கேட்டார். தம்பி சொன்னான். அந்தப் பெயரை அவன் எத்தனை வருசமாக வெளியில் சொல்லாமல் வைத்திருந்தானோ, பாதியில் குரல் உடைந்துவிட்டது. இறந்த நாள் எது, திதி எது என்று குருக்கள் கேட்டார். தாய், தெரியாது ஐயா என்றார். குருக்கள் தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தார். இந்த ஊரில் இந்தப் பதிலை அவர் இதற்கு முன்னும் கேட்டிருப்பார். நாள் தெரியாதவர்களுக்கும் இந்த அமாவாசை பொருந்தும் அம்மா, நீங்கள் யோசிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் புதிதாக ஒரு வாழையிலையை விரித்தார். தகப்பனின் தகப்பன் பெயர் மட்டும்தான் தாய்க்குத் தெரிந்திருந்தது. அதற்கு முந்தியவர் தெரியாது என்று கலங்கினார்.

"தெரிஞ்சதச் சொல்லு கா," என்றார் அம்மா, ஊர்ப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரியே. "மிச்சம் சாமிக்குத் தெரியும்."

பிறகு பெண்கள் குளிக்கும் பக்கத்துக்குப் போனோம். தம்பியின் தாய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியதும் அழத் தொடங்கினார். நான் செத்த வீட்டில் அவர் அழுததைக் கண்டிருக்கிறேன். இது அதுவல்ல. அங்கே அழுதது பக்கத்தில் கிடந்த ஒருவருக்காக. இது எங்கே கிடக்கிறார் என்று தெரியாத ஒருவருக்காக. சுற்றிலும் முழுகிக்கொண்டிருந்த பெண்கள் இடம் விட்டு விலகினார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து முழுகினார்கள். தண்ணீர் கலங்கல், காலடியில் வழுக்கல் வேறு. எழும்பும்போது அம்மா தடுமாற, இப்போது அவர் அம்மாவைப் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து காய்கறிச் சமையல். அமாவாசைக்கென்று தெருவில் விற்ற காத்தோட்டிக்காயைத் தம்பி வாங்கி வந்திருந்தான். அந்தக் கைப்பு எனக்கு எப்போதும் பிடிக்காது. அம்மா காகத்துக்கு வைக்க ஒரு இலையில் எடுத்து, பிறகு யோசித்து, இன்னொரு இலையிலும் எடுத்தார். இரண்டையும் மதிலில் வைத்துவிட்டு வந்தார். வெகுநேரம் எதுவும் வரவில்லை. கோயில் பக்கத்து வெடிச் சத்தத்துக்குக் காகங்கள் எல்லாம் எங்கோ போயிருந்தன. கடைசியில் ஒன்று வந்து ஒரு இலையில் கொத்திவிட்டு, மற்றதிலும் கொத்தியது. தம்பியின் தாய் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார். சாப்பிட்டது கொஞ்சம்தான்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு கிழமை போக, தம்பி போன் எடுத்தான். அம்மா சாப்பிடுகிறா இல்லை அக்கா என்றான். நானே என்ட வாயால அவரைச் சாகடிச்சுப் போட்டன் என்று சொல்லிச் சொல்லிப் படுத்தபடி கிடக்கிறாவாம். காட்டுப் பக்கம் பார்த்த கதவை இனித் திறந்து வைக்க வேண்டாம் என்கிறாவாம். நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா கேட்டுவிட்டு, சரி மனே என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் காலையில் ஒரு பையில் இரண்டு சீலையை வைத்துக்கொண்டு, தன்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடச் சொன்னார். முழங்கால் வலியோடு தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ வந்தா அவள் கதைக்கமாட்டாள் என்றார்.

அப்பா போன நாள் முதல் அம்மா கால் வைக்க மறுத்த வீடு அது. செத்த வீட்டன்றுகூட வாசலைத் தாண்டவில்லை. இப்போது அங்கே போய்க் ஒரு கிழமைக்கு மேல் தங்கிவிட்டார். அங்கே என்ன நடந்தது என்பதில் பாதியைத் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். அம்மா ஆறுதல் எதுவும் சொல்லவில்லையாம். காலையில் எழும்பி அந்த அடுப்பில் தேத்தண்ணி வைத்து, பக்கத்தில் இருந்து, காட்டுக்குப் போன அந்த மனிதரைப் பற்றிக் கேட்பாராம். எப்படி இருப்பார், என்ன தின்பார், பாடுவாரா, கோபம் வருமா என்று. தம்பியின் தாயும் முதலில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்துவிட்டு, பிறகு சொல்லத் தொடங்கினாராம். வராதவரைப் பற்றி அந்த வீட்டில் அத்தனை வருசமும் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அப்பா இருக்கும்போது கேட்கக் கூச்சம். அவர் போன பிறகு கேட்க ஆளில்லை. தன்னுடைய தகப்பன் நன்றாகக் கவி படிப்பார் என்பதே தனக்கு அப்போதுதான் தெரியும் என்று தம்பி சொன்னான். அம்மா கேட்கக் கேட்க, தாய் இரண்டு மூன்று கவி படித்தும் காட்டினாராம். அன்று பின்னேரம் அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாராம்.

அம்மா ஒரு கட்டுக் கருவாட்டோடு திரும்பி வந்தார். நான் கேட்டபோது, அவள் கெட்டவள் இல்ல என்று மட்டும் சொன்னார். கொஞ்சம் கழித்து, அவரும் அங்க நல்லாத்தான் இருந்திருக்கார் என்றார். அதைச் சொல்ல அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் அப்பாவை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. என் பதினான்கு வயதை நினைத்தால் இப்போதும் மனம் கசக்கும். ஆனால் அம்மா அந்த வாக்கியத்தைச் சொன்னபோது நான் எதிர்த்துப் பேசவில்லை.

ஆவணியில் வெருகல் திருவிழா வந்தது. தம்பி வான் பிடித்து எங்களையும் கூப்பிட்டான். கோயில் வாசலில் காவடியும் கற்பூரமும், ஆற்றங்கரையில் காட்டு மரங்களின் கீழே பாய் விரித்துச் சமைக்கும் குடும்பங்களும். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இந்த வழியால்தான் போவார்கள், வேலுக்கு முன்னால் காடே வழி விடும் என்று தம்பியின் தாய் எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது அவர்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர். எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே சுழி இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அம்மாவை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்து இறக்கினார். ஆறு வேகமாக ஓடியது. மண் நிறத்தில், சில்லென்று இருந்தது.

அந்த இடத்தில் குளித்துக்கொண்டிருந்த மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், நீங்க இரண்டு பேரும் அக்கா தங்கச்சியா என்று கேட்டார். தம்பியின் தாய் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா தலைமயிரைப் பிழிந்துகொண்டே, "இல்ல, சொந்தம்," என்றார். "வா புள்ள, பூசை தொடங்கப் போகுது."